கரிசலில் விழுந்த இறகுப்பூச்சி

காலியாக இருக்க வேண்டிய குழியில் பூச்சி இருந்தது.

மாயகிருஷ்ணன் புத்தகத்தை மூடினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் திறந்தார். அப்போதும் இருந்தது. கருஞ்சிவப்புத் தோல் அட்டையின் உட்பக்கத்தைக் குடைந்து, பச்சை வெல்வெட் ஒட்டிச் செய்த சின்னக் குழி அது. அதன் நடுவில், தூண்டில் முள்ளின் மேல் இறகும் ரோமமும் பட்டு நூலும் சுற்றிச் செய்த ஒரு பூச்சி சிறகை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைப் போன வாரம் வெளியே எடுத்துத் தொலைத்துவிட்டு வந்தவரே அவர்தான். தொலைத்த இடத்தையும் அவரால் காட்ட முடியும். வீட்டுக்குப் பின்னால், கரிசல் தரையின் வெடிப்புக்குள்.

புத்தகத்திலிருந்து ஒரு வாடை வந்தது. தோல் வாடை, பசை வாடை, மை வாடை எல்லாம் அவருக்கு அத்துப்படி. கோவில்பட்டியில் தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சகம் வைத்துத் தலை நரைத்தவர். இது வேறு. கண்மாய் வற்றும்போது கடைசிச் சேற்றில் அடிக்குமே, அந்தக் கவிச்சி. வைகாசி வெயிலில் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கண்மாயிலும் சேறு என்று ஒன்று மிச்சமில்லை.

இந்த மனுஷனுடைய கிறுக்கைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மீன் குழம்பு என்றாலே மூக்கைப் பொத்துகிறவர். நீச்சல் தெரியாது. பசுவந்தனை ரோட்டில் அவர் வீடு கட்டியிருக்கும் இடத்திலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும், ஆறு என்று ஒன்றைப் பார்ப்பதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். அப்பேர்ப்பட்டவர் சேர்த்து வைத்திருப்பது என்ன என்றால், இறகுப்பூச்சியைக் காட்டி ஆற்று மீனை ஏமாற்றிப் பிடிப்பது எப்படி என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்த புத்தகங்கள். அதிலும் பழைய பிரதி என்றால் தொடமாட்டார். புதிதாக அச்சடித்து, முழுத்தோல் கட்டி, பக்க ஓரத்துக்குப் பொன்முலாம் பூசி, பட்டு நாடா வைத்து வருகிற மறுபதிப்புகள்தான் வேண்டும். சில பிரதிகளில் அட்டைக்குள் குழி செய்து நிஜப் பூச்சி ஒன்றையே பதித்து அனுப்புவார்கள். அதற்கென்றே காத்துக் கிடப்பார்.

முதலில் அந்தக் கட்டுமானத்துக்காகத்தான் ஆசைப்பட்டார். மட்டமான தாளில் லேபிள் அடித்தே தேய்ந்த கை, புத்தக முதுகின் தையலைத் தடவினால் உச்சி குளிர்ந்துவிடும். அப்புறம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கவும் ஆரம்பித்தார். சாயந்திரங்களில் அலமாரியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, மனைவி ரெங்கம்மாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, தமிழில் சொல்லி உரக்கப் படித்துக் காட்டுவார். எந்த மீனுக்கு என்ன பசியோ அதைப் போலவே பூச்சி கட்ட வேண்டும். பூச்சியை அசைக்கும்போது அதற்கு உயிர் இருப்பதாகத் தெரிய வேண்டும். பெரிய மீன் மாட்டினால் உடனே இழுக்கக் கூடாது. நூலை விட்டுக்கொடு, ஓடட்டும், தப்பித்துவிட்டோம் என்று நினைக்கட்டும், தானாகக் களைக்கட்டும். ரெங்கம்மாள் கேட்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டாள்.

எதிர்வீட்டுச் சுடலைராஜ் ஆடு வளர்க்கிறவர். வாசலில் பார்த்துவிட்டால் சும்மா விடமாட்டார்.

“என்ன அண்ணாச்சி, இன்னைக்கு மீன் ஏதும் மாட்டுச்சா?”

“நீரு ஆட்டைப் பாரும் வே,” என்று உள்ளே போய்விடுவார் இவர்.

புத்தகங்களை அனுப்புவது ஒரே மகள் தீபலட்சுமி. ஸ்காட்லாந்தில் ஆஸ்பத்திரி வேலை. போய் வருஷங்கள் ஆகின்றன. லீவு கிடைக்கவில்லை, விசா இழுக்கிறது, ஏதோ ஒன்று. அவள் வரவேண்டிய நேரத்துக்கெல்லாம் புத்தகம் வரும். பார்சல் பிரிக்கும்போது ரெங்கம்மாள் பக்கத்தில் வந்து உட்காருவாள். புத்தகத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். மகள் கையால் விலாசம் எழுதிய காக்கித்தாளை மட்டும் கேட்டு வாங்கி, நீவி மடித்து, பீரோவில் சேலைக்கடியில் வைத்துக்கொள்வாள்.

“நீங்க சேக்குதது ஒரு தினுசு, நான் சேக்குதது ஒரு தினுசு,” என்பாள்.

போன வாரம்தான் அவருக்கு அந்தக் கெட்ட ஆசை வந்தது. குழியில் இருக்கும் பூச்சியை எடுத்து, மகள் எப்போதோ அனுப்பி மூலையில் கிடந்த தூண்டில் கம்பில் கட்டி, ஒரே ஒரு தடவை வீசிப் பார்க்க வேண்டும். சேகரிக்கிறவன் எவனும் இந்தக் காரியம் செய்யமாட்டான். அவருக்கும் தெரியும். புல்தரையில் வீசிப் பழகு என்கிறது புத்தகம். புல்லுக்கு எங்கே போவது? பின்கதவைத் திறந்தால் பருத்திமார் பிடுங்கிய வெறுங்காடு, கரிசல் வயல். கோடைக்குக் கட்டம் கட்டமாகப் பிளந்து கிடந்தது. சில வெடிப்பில் முழங்கை வரைக்கும் இறங்கும். சிலதில் நீளக் கம்பை விட்டாலும் அடி தட்டாது.

ரெங்கம்மாள் பின்வாசலில் நின்று பார்த்தாள். “வெடிப்புப் பக்கம் வேண்டாங்க. புதூர்ல எங்க வீட்ல சோத்துச் சட்டியைக்கூட வெடிப்பு மேல கழுவ விடமாட்டாவ. ஒத்தப் பருக்கை உள்ள விழக்கூடாது. ருசி கண்டுரும்பாவ.”

“எது ருசி கண்டுரும்?”

“அதை யாரு கேட்டா? மழை விழுத வரைக்கும் வாயைத் திறந்துகிட்டுக் கெடக்கும், ஆசை காட்டாதீங்கன்னு சொல்லுவாவ. அம்புட்டுதான்.”

சிரித்துக்கொண்டே வீசினார். உச்சிவேளை. நிழல் காலடிக்குள் சுருங்கிக் கிடந்த நேரம். பூச்சி அந்தரத்தில் ஒரு வளையம் போட்டு, சத்தமே இல்லாமல் ஒரு வெடிப்பின் வாய்க்குள் இறங்கியது. எடுத்துவிடலாம் என்று தூண்டில் நரம்பை இழுத்தார். வரவில்லை. மண்கட்டியில் சிக்கியிருக்கும் என்று நினைத்தார்.

அப்புறம் அது இழுத்தது.

வெடுக்கென்று பறித்திருந்தால் பாம்பு, உடும்பு என்று மனதைத் தேற்றியிருக்கலாம். அது மெதுவாக, எடை போட்டுப் பார்ப்பது மாதிரி இழுத்தது. விட்டது. மறுபடி இழுத்தது. கம்பு வளைந்தது, நரம்பு சுற்றிய ராட்டை கிர்ரென்று சுழன்றது. பயத்தில் இரண்டு கையாலும் பிடித்து அவர் ஒரே இழுப்பு இழுக்க, நரம்பு லேசாகிக் கையோடு வந்துவிட்டது. நுனியைப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. அவர் போட்டிருந்த முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது. நுனி நனைந்திருந்தது.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது பூச்சி திரும்பி வந்திருக்கிறது. அச்சுப் புள்ளி பார்க்கிற லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். உருவம் அதே உருவம், சிறகு அதே அளவு. ஆனால் மயிலிறகு இருந்த இடத்தில் முடி. நரையும் மருதாணிச் சிவப்பும் கலந்த மனுஷ முடி, இழைக்கு இழை நெருக்கமாகச் சுற்றியிருந்தது. வாலுக்கு ஒரு நீலநூல். ரெங்கம்மாளின் சுங்குடிச் சேலையில் அந்த நீலம் உண்டு. சுற்று ஒன்றுகூட விலகவில்லை. லண்டன்காரன் கட்டியதை விடவும் நேர்த்தி.  அவருக்கு முதலில் தோன்றியது பயமில்லை, குழி நிறைந்துவிட்டது என்ற சந்தோஷம். அதை நினைத்து அவருக்கே அசிங்கமாக இருந்தது.

“ரெங்கம்மா, அலமாரியைத் திறந்தியா?”

“அதைத் தொட்டுட்டு உங்ககிட்ட யாரு பேச்சு வாங்குதது?” என்றாள் அடுப்படியிலிருந்து. “அது கெடக்கட்டும், என் சீப்பைப் பாத்தீங்களா? வச்ச எடத்துல காணல.”

அவர் குனிந்து அலமாரிக்கு அடியில் பார்த்தார். கரிசலில் கட்டிய எந்த வீட்டுக்கும் விரிசல் தப்பாது; இந்த வீட்டிலும் சுவரில் இறங்கி, தரையில் ஓடி, அலமாரிக்கடியில் போய் முடிகிற கீறல் ஒன்று உண்டு. மாசியில்தான் வெள்ளைச் சிமெண்டு வைத்து அடைத்திருந்தார். சிமெண்டு பெயர்ந்து கிடந்தது. கீறலின் விளிம்பில் விரலை வைத்தார். ஈரம்.

மறுநாள் உச்சிவேளையில், அச்சகத்திலிருந்து சாப்பிட வந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வெறுங்காட்டின் நடுவில் ஒரு உளுந்தஞ்செடி நின்றது. கொத்தாக, கரும்பச்சையாக, இப்போதுதான் தண்ணீர் தெளித்தது மாதிரி. இந்த வெயிலில் உளுந்து ஏது என்று அவர் யோசிக்கும்போதே காற்று அடித்தது. புழுதி பறந்தது, காய்ந்த சருகு உருண்டது, செடி மட்டும் காற்றுக்கு அசையவில்லை. காற்று நின்ற பிறகு அசைந்தது. சின்னச் சின்னதாய் ஒரு துடிப்பு, ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு துடிப்பு. அந்த அசைவை அவர் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் தெரியும். மீனுக்குப் பூச்சியை அப்படித்தான் அசைக்க வேண்டும் என்று ரெங்கம்மாளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்.

சுடலைராஜின் செவலை ஆடு கழுத்துமணி கிணுகிணுக்க நடந்து போய் அதில் வாயை வைத்தது.

கத்தவில்லை. தலையை ஒரு தடவை உதறியது. முன்னங்கால் மடங்கியது. ஒரு சாண் அகலம்கூட இல்லாத வெடிப்பு அது. அதற்குள் ஆடு போனது. எப்படிப் போனது என்பதை அவர் முழுசாகப் பார்த்தார், பார்க்காமல் இருந்திருக்கலாம். கடைசியில் தரை வெறிச்சென்று கிடந்தது. மணிச் சத்தம் மட்டும் மண்ணுக்கடியில் கேட்டது. கிணுகிணு என்று அது வீட்டை நோக்கி வந்து, அலமாரிக்கு நேர் கீழே நின்றது.

சாயந்திரம் சுடலைராஜ் வந்தார். கேலி எதுவும் இல்லாத முகம். “அண்ணாச்சி, நம்ம செவலையைப் பாத்தியளா? சினையாடு. மத்தியானத்துலேர்ந்து தேடுதேன்.”

“பாக்கலியே,” என்றார் மாயகிருஷ்ணன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால், மண்ணுக்குள் சும்மா கிடந்ததற்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தது யார் என்பதையும் சொல்ல வேண்டி வரும். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டார். பின்கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அலமாரி ஆணியில் மாட்டினார். ரெங்கம்மாள் ஏன் என்று கேட்டதற்குப் பாம்பு நடமாட்டம் என்றார். பாம்புக்குப் பயப்படுகிற ஆளா அவள்? புதூர்க்காரி. மண்ணுக்குள் இருப்பது தன்னைத்தான் குறிவைக்கிறது, தனக்குத் தூண்டிலைப் பற்றி எல்லாம் தெரியும், தான் ஏமாறமாட்டோம் என்று அவர் நம்பினார்.

தீபலட்சுமி தினமும் வேலைக்குக் கிளம்பும் முன்னால் வீடியோவில் கூப்பிடுவாள். அவளுக்குக் காலை, இங்கே உச்சிவேளை. போனை அலமாரியின் கீழ்த்தட்டில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பேசுவார்கள். அன்றைக்கு அவள் முகமெல்லாம் சிரிப்பு.

“அப்பா, உங்க மீன் புத்தக வரிசையில கடைசிப் புத்தகம் வந்துட்டு. இந்தத் தடவ பார்சல் கெடையாது. நானே கையில கொண்டு வாரேன்.”

“எப்ப வாரட்டி?” என்றாள் ரெங்கம்மாள். 

“அதைச் சொல்லமாட்டேன். ஒரு நா திடுதிப்புன்னு வந்து நிப்பேன், பாரு.”

ரெங்கம்மாள் அழுதாள். கண்ணீர் மோவாயிலிருந்து சொட்டித் தரைக்கீறலில் விழுந்தது. கீறல் அதைக் குடித்தது. மாயகிருஷ்ணன் பார்த்தார். பார்த்துவிட்டு, கடைசித் தொகுதிக்கு என்ன நிறத் தோல் என்று மகளிடம் விசாரித்தார். மற்றது மாதிரியே கருஞ்சிவப்புதான் என்றாள் அவள்.

அதற்கப்புறம் சில நாட்கள் எதுவும் நடக்கவில்லை. வாடை மட்டும் கூடிக்கொண்டே வந்தது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் சேறு. படுத்தால் தலைக்கடியில் எங்கோ நூல் சுற்றுகிற சத்தம், ராட்டினத்தில் பட்டு சுற்றுவது போல, நிதானமாக, அவசரமே இல்லாமல். பீரோவில் இருந்த காக்கித்தாள்களைக் காணோம் என்று ரெங்கம்மாள் வீட்டையே புரட்டிப் போட்டாள். தீபா விட்டுப்போன பழைய சுடிதாரையும் காணவில்லை. அவர்தான் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிட்டார் என்று அவரோடு பேச்சையே நிறுத்திக்கொண்டாள்.

அன்றைக்கும் அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். வெயிலில் கண் கூசியது. வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது. அணைக்க ஆளில்லை. அலமாரி ஆணியில் சாவி இல்லை.

பின்கதவு திறந்து கிடந்தது.

வெளியே ரெங்கம்மாளின் குரல் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவர் கேட்டே இராத குரல். “வந்துட்டியா, ஏட்டி! ஏன் வெயில்ல நிக்க? அங்கனயே நிக்கியே, வீட்டுக்குள்ள வா.”

காட்டின் நடுவில் தீபலட்சுமி நின்றாள்.

பீரோவிலிருந்து காணாமல் போன அதே பழைய சுடிதார். நெஞ்சோடு அணைத்த ஒரு புத்தகம். கருஞ்சிவப்புத் தோல். பொன்முலாம் வெயிலில் பளீரென்று அடித்தது. அவருடைய கால் தன்னால் வாசலைத் தாண்டியது. மகளுக்காக இல்லை. புத்தகத்துக்காக. அந்த ஒரு அடிக்காக அவர் தன்னை மன்னிக்கப் போவதில்லை.

காற்று அடித்தது.

ரெங்கம்மாளின் முந்தானை பறந்தது. தீபாவின் துப்பட்டா பறக்கவில்லை.

காற்று நின்றது. தீபா அசைந்தாள்.

ஒரு துடிப்பு. ஒரு நிறுத்தம். இன்னொரு துடிப்பு. முகம் துண்டு துண்டாக இந்தப் பக்கம் திரும்பியது. அவள் முகம்தான். அவளைவிட அழகு. சடை இழை விலகாமல் சுற்றி, நுனியில் மெழுகு வைத்திருந்தது. தோல் காக்கி நிறம். அதில் மை மங்கிய எழுத்துகள். அவர்கள் வீட்டு விலாசம்.

சுடிதார் முடிகிற இடத்தில் பாதம் இல்லை.

கறுப்பாக, வளைந்து, கூராக ஒன்று. துணிக்குள் மேல்நோக்கி ஏறியிருந்தது. அதன் அடியிலிருந்து மெல்லிய நூல். வெடிப்புக்குள்.

ரெங்கம்மாள் கையை விரித்துக்கொண்டு ஓடினாள்.

அவர் கத்தினார்.  ஓடினார். செருப்பு கழன்றது. மண் சுட்டது. அவள் மகளின் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டாள். அவர் அவள் இடுப்பைக் கட்டிப் பின்னால் விழுந்தார். இரண்டு பேரும் உருண்டார்கள். அது ஆளில்லாத துணியாகச் சாய்ந்தது, மடிந்தது, வெடிப்புக்குள் சர்ரென்று போனது. புத்தகமும் போனது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவளை இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள். பூட்டு. கட்டிலை நகர்த்தி முட்டுக்கொடுத்தார்.

ரெங்கம்மாள் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “என் பிள்ளையை ஏன் விரட்டுனீங்க?”

“அது நம்ம பிள்ளை இல்லட்டி.”

“அப்போ யாரு?”

அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். எல்லாவற்றையும் சொன்னார். வீசியது, முடிச்சு அவிழ்ந்தது, செவலை ஆடு, சுடலைராஜிடம் சொன்ன பொய்.  அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அது போதும் என்று இருந்தது அவருக்கு. இந்த வீட்டை விட்டே போய்விடலாம், புத்தகத்தை எல்லாம் கொளுத்திவிடலாம், இவள் இருக்கிறாள், அது போதும். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தாள், வாயோரம் கொஞ்சம் வழிந்தது.

“தப்பிச்சிட்டோம், ரெங்கம்மா,” என்றார். “நல்லவேளை, தப்பிச்சிட்டோம்.”

கீழ்த்தட்டில் போன் அடித்தது. தீபலட்சுமி. நிஜ தீபலட்சுமி. தலைவாராத முடி, கொட்டாவி, பின்னால் ஜன்னலில் சாம்பல் நிற மழை. ரெங்கம்மாள் அழுகையும் சிரிப்புமாகப் போனிடம் குனிந்தாள்.

“சாப்பிட்டியா, ஏட்டி?”

“இனிமேத்தான்மா.” அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். “அம்மா, கொஞ்சம் கிட்ட வா. ஒதட்டோரத்துல என்ன அது? நூலு மாதிரி தொங்குது.”

மாயகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார்.

ஜன்னல் வெளிச்சத்தில்தான் அது தெரிந்தது. வாயோரத்திலிருந்து இறங்கி, நீலச் சேலையில் படிந்து, மடியில் கிடந்து, தரையில் தளர்வாகச் சுருள் சுருளாக விழுந்து, கட்டிலுக்கடியில் ஓடி, பூட்டிய பின்கதவின் கீழ் இடுக்கு வழியாக வெளியே போயிருந்தது. நிறையவே விட்டுக்கொடுத்திருந்தது. ஓடட்டும் என்று.

அவர் கையை நீட்டினார். தொடத் தைரியம் வரவில்லை.

கதவோரத்தில் முதல் சுருள் நிமிர்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அவசரமே இல்லை.

“ஒண்ணுமில்லட்டி,” என்று ரெங்கம்மாள் மகளைப் பார்த்துச் சிரித்தாள். கண் போனிலேயே இருந்தது. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்கதவின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.